வாசலுக்கு வெளியே நின்ற தாய்: குறைமாதக் குழந்தைப் பராமரிப்பின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த ஒரு சிறுவனுக்கு ஏழாம் மாதத்திலேயே தங்கை பிறந்தாள். எடை ஒன்றேகால் கிலோ. நகரத்து மருத்துவமனை ஒன்றில், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளை வைத்திருந்தார்கள். நான் பார்க்கச் சென்றபோது தாய் வராந்தாவில் ஒரு பெஞ்சில் அமர்ந்திருந்தார். ஆறுதல் சொல்வதாக எண்ணிக்கொண்டு, "ஸப்ரு செய்யுங்கம்மா, அல்லாஹ் இதைவிடச் சிறந்ததைத் தருவான்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஹஜ்ரத், என் புள்ள உசுரோடதான் இருக்கு" என்றார்.

ஜனாஸா வீட்டில் சொல்ல வேண்டிய சொல்லை, உயிருக்குப் போராடும் ஒரு குழந்தையின் தாயிடம் சொல்லிவிட்டேன். அந்த வெட்கமே என்னை இவ்வரலாற்றைத் தேடிப் படிக்கவைத்தது. படிக்கப் படிக்க ஒன்று விளங்கிற்று. குறைமாதக் குழந்தையைக் காக்கும் கலை வளர்ந்த நூற்றைம்பது ஆண்டுகளில், மருத்துவ உலகம் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடம் கருவிகளைப் பற்றியதன்று, தாயைப் பற்றியது. அப்பாடத்தை நம் வீடுகள் இன்னும் முழுமையாகக் கற்கவில்லை.

முப்பதில் இருபத்து நான்கு போக

குறைமாதப் பிறப்பு என்றதும் மார்க்கக் கல்வி பயின்றோருக்கு ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வரும். மணமாகி ஆறு மாதத்தில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் கற்பைச் சந்தேகித்தார்கள். வழக்கு கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் வந்ததாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா கூறுகிறது. உமர் (ரலி) அவர்களின் காலத்தில் நடந்ததாகச் சொல்லும் அறிவிப்புகளும் உண்டு. தண்டனை விதிக்கப்பட்ட நிலையில் அலீ (ரலி) அவர்கள் குறுக்கிட்டார்கள். அல்அஹ்காஃப் அத்தியாயத்தின் 15ஆம் வசனம், சுமப்பதற்கும் பால்குடி மறக்கச் செய்வதற்கும் சேர்த்து முப்பது மாதங்களைக் குறிப்பிடுகிறது. அல்பகராவின் 233ஆம் வசனம் பாலூட்டலின் முழுக் காலத்தை இரண்டு ஆண்டுகள் என்கிறது. முப்பதில் இருபத்து நான்கு போக எஞ்சுவது ஆறு. ஆகவே ஆறு மாதத்திலும் பிள்ளை பிறக்கலாம். அதனால் அப்பெண் குற்றவாளி ஆகமாட்டாள் என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய நியாயம்.

சில அறிவிப்புகளில் அப்பெண் விடுவிக்கப்படுகிறாள். முவத்தாவின் அறிவிப்பிலோ, கலீஃபா அனுப்பிய ஆள் சென்று சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. இவ்வழக்கைப் பாடம் நடத்தும்போதெல்லாம், அறிவு இருந்தும் உரிய நேரத்தில் அது வாசலுக்கு வந்து சேரவில்லையே என்ற எண்ணம் என்னை உறுத்தும். முன்கூட்டிப் பிறந்த குழந்தையைக் கண்டதும் சமூகத்தின் விரல் முதலில் தாயை நோக்கியே நீள்கிறது என்பதையும் இவ்வழக்கு காட்டுகிறது. அன்று கற்பைச் சந்தேகித்தார்கள். இன்று, "மாடிப்படி ஏறினாள், பப்பாளி தின்றாள், கிரகணத்தில் வெளியே வந்தாள்" என்கிறார்கள். விரல் என்னவோ அதே விரல்தான்.

சந்திரமான ஆறு மாதம் என்பது 177 நாள் அளவு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணும் மருத்துவக் கணக்கில் இது ஏறத்தாழ 27 வாரங்கள் ஆகும். 37 வாரங்கள் நிறைவதற்குள் பிறப்பவற்றைக் குறைமாதக் குழந்தைகள் என்பர். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. பத்துப் பிறப்புகளில் ஒன்று என்னும் அளவு இது. அவற்றுள் ஏறத்தாழ 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. எனவே இது யாரோ ஒரு வீட்டின் துயரம் அன்று. ஒவ்வொரு மஹல்லாவிலும் நிகழ்வது.

பாரிஸ் நகரத்துப் பெட்டி

இன்று நாம் காணும் இன்குபேட்டர் கோழிப்பண்ணையிலிருந்து வந்தது. ஸ்டெஃபான் டார்னியே என்னும் பிரெஞ்சு மகப்பேற்று மருத்துவர், 1878ஆம் ஆண்டு பாரிஸின் உயிரியல் பூங்கா ஒன்றில் முட்டைகளை அடைகாக்கும் வெப்பப் பெட்டியைக் கண்டார். குளிரால் இறந்துகொண்டிருந்த குறைமாதக் குழந்தைகள் அவர் நினைவுக்கு வந்தார்கள். அப்பெட்டியைச் செய்த ஓடில் மார்ட்டின் என்பவரிடமே குழந்தைகளுக்கும் ஒன்று செய்யச் சொன்னார். 1880களின் தொடக்கத்தில் பாரிஸ் மகப்பேற்று மருத்துவமனையில் அது நிறுவப்பட்டது. அடியில் சுடுநீர்த் தொட்டி, மேலே குழந்தைகளைக் கிடத்தும் அறை என்னும் அளவில் மிக எளிய அமைப்பு. இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 66 ஆக இருந்த இறப்பு 38 ஆகக் குறைந்ததாக அவருடைய உதவியாளர் 1883இல் பதிவு செய்தார். சூடு ஒன்றே இத்தனை உயிர்களைக் காத்தது.

டார்னியேயின் மாணவர் பியேர் புதேன் 1895இல் அம்மருத்துவமனையின் நலிந்த குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். குழந்தையின் உடற்சூடு, உணவு, நோய்த்தொற்று ஆகிய மூன்றையும் கவனித்தால் போதும் என்று பிறர் எண்ணியிருந்த காலத்தில், அவருடைய கண்ணில் வேறொன்று பட்டது. குழந்தையைப் பிரிந்து வீடு சென்ற தாய்மார் சிலர், மெல்ல மெல்ல மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். குழந்தை பிழைத்தது, தாயின் நெஞ்சிலிருந்து அது விலகிப்போனது. 1900இல் வெளியான தம் நூலில் இதை எச்சரிக்கையாகவே அவர் எழுதினார். தாய் வந்து பார்க்க வேண்டும், தன் பாலையே கொடுக்க வேண்டும், வெளியிலிருந்து பார்ப்பதற்கேனும் பெட்டிக்குக் கண்ணாடிச் சுவர் வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு.

இத்துறை தன் தொடக்கத்திலேயே உண்மையைக் கண்டுகொண்டது. பின்னர் அதை மறந்தது.

காட்சிப்பொருளான குழந்தைகள்

1896இல் பெர்லின் நகரப் பொருட்காட்சியில், உயிருள்ள குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்துக் கட்டணம் வாங்கிக் காட்டினார்கள். மார்ட்டின் கூனி என்பவர் இவ்வழக்கத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். நியூயார்க்கின் கோனி தீவிலுள்ள கேளிக்கைப் பூங்காவில், ராட்டினங்களுக்கும் வேடிக்கைக் கடைகளுக்கும் நடுவே, 1903 முதல் 1943 வரை அவருடைய கூடம் நடந்தது. பார்வையாளரிடம் 25 சென்ட் வசூலித்தார். பெற்றோரிடம் ஒரு காசும் வாங்கவில்லை. அவர் முறையாகப் பட்டம் பெற்ற மருத்துவர்தாமா என்பதே ஐயத்துக்குரியது. ஆயினும் பெரும்பாலான மருத்துவமனைகள் இத்தகைய குழந்தைகளைக் கைவிட்டிருந்த காலத்தில், தாம் ஏற்ற 8,000 குழந்தைகளில் 6,500 பேரைக் காப்பாற்றியதாக அவர் கணக்குச் சொன்னார்.

ஏழைப் பெற்றோர் தம் பிள்ளையைக் காட்சிக்கூடத்தில் ஒப்படைக்க நேர்ந்தது இரக்கத்துக்குரியது. அதனினும் வருத்தமான ஒன்று உண்டு. குழந்தை தேறியபின் சில பெற்றோரை வரவழைத்து ஒப்படைப்பதே கடினமாக இருந்ததாம். வாரக்கணக்கில் பிறர் கையில் வளர்ந்த பிள்ளை அவர்களுக்கு அந்நியமாகிவிட்டது. புதேன் அஞ்சியது இதுவே.

மூடப்பட்ட கதவு

இருபதாம் நூற்றாண்டில் மருத்துவமனைகளே குறைமாதக் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவுகளை ஏற்படுத்தின. சிகாகோவில் ஜூலியஸ் ஹெஸ் 1922இல் தொடங்கிய பிரிவு அவற்றுள் முன்னோடி. நோய்த்தொற்றின் மீதிருந்த அச்சம் பெரிது. ஒரு குழந்தைக்குக் கண்ட வயிற்றுப்போக்கு ஒரு பிரிவையே சாய்த்துவிடும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் 1940கள் வரை பரவலாகக் கிடைக்கவில்லை. எனவே கதவுகள் மூடப்பட்டன. தாயும் தந்தையும் கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள். இதைக் கொடுமை என்று சொல்லிவிட இயலாது. குழந்தையைக் காக்கும் எண்ணத்திலேயே செய்தார்கள். ஆனால் மருந்துகள் வந்தபின்னும் கதவு திறக்கவில்லை. அவசியத்துக்காகத் தொடங்கியது வழக்கமாக நிலைத்துவிட்டது.

1963 ஆகஸ்ட் 7ஆம் நாள், அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு மகன் பிறந்தான். எடை 2.1 கிலோ. இன்றைய கணக்கில் அச்சப்படத் தேவையில்லாத எடை. ஆனால் நுரையீரல் முதிராததால் மூச்சு விடத் திணறினான். பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். பிரசவித்த தாய் வேறிடத்து மருத்துவமனையிலேயே கிடந்தார். 39 மணி நேரத்தில் குழந்தை இறந்தது. உலகின் பெரும் வல்லரசை ஆண்டவராலும் தம் மகனுக்கு ஒரு மூச்சை வாங்கித்தர இயலவில்லை. செல்வமும் அதிகாரமும் உள்ள வீட்டிலும் தாய் ஓர் ஊரில், பிள்ளை ஓர் ஊரில்.

அக்குழந்தையின் நோய்க்குக் காரணம், நுரையீரலின் காற்றறைகளை ஒட்டிப்போகாமல் காக்கும் ஒரு வழவழப்பான பொருளின் குறைவு என்பதை மேரி எல்லன் ஏவரி 1959இலேயே கண்டறிந்திருந்தார். ஆனால் அறிவு மருந்தாவதற்கு ஆண்டுகள் பிடித்தன. முன்கூட்டிப் பிரசவிக்கவிருக்கும் தாய்க்கு ஊசி மருந்து கொடுத்து நுரையீரலை முதிரச் செய்யலாம் என்பதை நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹௌவி இருவரும் 1972இல் வெளியிட்டார்கள். ஜப்பானின் ஃபுஜிவாரா 1980இல் அந்த வழவழப்புப் பொருளையே குழந்தையின் நுரையீரலுக்குள் செலுத்தி வெற்றி கண்டார். இங்கும் அறிவு தாமதமாகவே வாசலுக்கு வந்தது.

கதவின் கதையும் அதே காலத்தில் மாறத் தொடங்கியது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் தாய்மாரைக் கைகழுவி உள்ளே வர அனுமதித்துப் பார்த்தார்கள். நோய்த்தொற்று அதிகரிக்கவில்லை என்பதை 1970இல் வெளியிட்டார்கள். அரை நூற்றாண்டு அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமற்போயிற்று.

பொகோட்டா: வறுமை கற்பித்த பாடம்

பெரிய திருப்பம் செல்வ நாடு எதிலும் நிகழவில்லை. தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் நிகழ்ந்தது. தலைநகர் பொகோட்டாவின் தாய்சேய் மருத்துவமனையில் ஏழைப் பெண்கள் பெருந்திரளாகப் பிரசவித்தார்கள். ஒரே இன்குபேட்டரில் இரண்டு, மூன்று குழந்தைகள். தொற்று பரவியது, இறப்பு மிகுந்தது, கைவிடப்பட்ட குழந்தைகளும் பலர். 1978இல் எட்கார் ரேய் என்னும் மருத்துவர் ஒரு முடிவுக்கு வந்தார். பெட்டி போதவில்லை என்றால், தாய் இருக்கிறாளே! குழந்தையைத் தாயின் வெறும் மார்பின்மேல், தோலோடு தோல் படும்படி நிமிர்த்திக் கட்டச் சொன்னார். தாய்ப்பாலே உணவு, சீக்கிரம் வீடு, தவறாத மறுபரிசோதனை. அடுத்த ஆண்டு ஹெக்டர் மார்ட்டினஸ் அவருடன் சேர்ந்து இம்முறையை வளர்த்தார். குட்டியைப் பையில் சுமக்கும் விலங்கின் பெயரால் இது கங்காரு பராமரிப்பு எனப்பட்டது.

ஏழைகளுக்கான மாற்று வைத்தியம் என்றே முதலில் பலர் இதை எண்ணினார்கள். ஆய்வுகள் வேறு கூறின. 2021இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்தது. ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை வரையுள்ள, 3,200க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் இடம்பெற்றார்கள். ஒரு சாராருக்குப் பிறந்தவுடனேயே தாயின் மார்பு. தாயும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டில் போட்டுத் தங்கினாள். மற்றச் சாராருக்கு, வழக்கம்போல் உடல்நிலை சீரானபின். முதல் 28 நாளில் இறப்பு, பின்னவரிடையே நூற்றுக்கு 15.7, முன்னவரிடையே 12. தாயை உள்ளே விட்டதனால் 27 குழந்தைகளுக்கு ஒரு குழந்தை வீதம் கூடுதலாகப் பிழைத்தது என்பது இதன் பொருள். பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள்.

இதன்பின் உலக சுகாதார நிறுவனம் 2022 நவம்பரில் தன் பரிந்துரைகளைத் திருத்தியது. கங்காரு பராமரிப்பைப் பிறந்தவுடன் தொடங்க வேண்டும் என்றதுடன், குடும்பத்தைச் சிகிச்சையில் பங்கெடுக்கச் செய்தல், பெற்றோருக்கு மனவலிமை தருதல், வீடு திரும்பியபின் சென்று பார்த்தல் ஆகியவற்றையும் சேர்த்தது. புதேன் 1900இல் எழுதியது முழுவட்டம் சுற்றித் திரும்பி வந்தது.

இப்போது கதவை மூடுவது யார்?

மருத்துவமனைகள் கதவைத் திறக்கத் தொடங்கிவிட்டன. ஆனால் பல வீடுகளில் தாய் வீட்டைவிட்டே புறப்படுவதில்லை. நாற்பது முடியவில்லை என்பது காரணம்.

நான் தொடக்கத்தில் சொன்ன குழந்தையின் விஷயத்திலும் இதுவே நடந்தது. தாய் வீடு திரும்பிய பின், "நாற்பது கழியாமல் மருமகள் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்வரலாமா?" என்று மாமியார் என்னிடம் தொலைபேசியில் கேட்டார். "வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்யுங்கள்" என்று மழுப்பிவிட்டேன். ஒன்பது நாள் அத்தாய் வீட்டிலும், குழந்தை பெட்டியிலும் இருந்தார்கள். பத்தாம் நாள் அவர் பிடிவாதமாகக் கிளம்பி வந்தார். நான் அவரை வராந்தாவில் கண்டது அன்றுதான். அந்த ஒன்பது நாளில் எனக்கும் பங்கு உண்டு. ஆகவே அன்று சொல்லத் தவறியதை இங்கு தெளிவாகச் சொல்கிறேன்.

நாற்பது நாள் என்பது பிரசவ இரத்தப்போக்குக்கு ஹனஃபி மத்ஹப் கூறும் உச்ச வரம்பு; ஷாஃபிஈ மத்ஹபில் அறுபது. தொழுகை, நோன்பு முதலியவற்றுக்கான சட்டம் அது. வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்பதற்கான சட்டம் அன்று. அந்நிலையிலுள்ள தாய் தன் பிள்ளையைத் தொடலாம், மார்பில் சுமக்கலாம், பாலூட்டலாம், திக்ரும் துஆவும் செய்யலாம். அவள் உடல்நலத்துக்கு ஓய்வு தேவை என்றால் அதை மருத்துவர் சொல்லட்டும். மார்க்கத்தின் பெயரால் நாம் சொல்ல வேண்டாம்.

ஏழாம் நாள் அகீகா கொடுக்க முடியவில்லையே, காதில் பாங்கு சொல்ல இயலவில்லையே என்று தந்தையர் கலங்குவதுண்டு. உள்ளே அனுமதி கிடைக்கும்போது மெல்லிய குரலில் பாங்கு சொல்லுங்கள். அகீகாவைப் பின்னர் வசதிப்படும் நாளில் கொடுக்கலாம். அந்தத் தொகை இப்போது சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் அதற்கே செலவிடுங்கள். பெயரை மட்டும் தாமதிக்காதீர்கள். பெட்டியின்மேல் தாயின் பெயர் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். பெயரிட்டு அழைக்கப்படும் பிள்ளை பெற்றோருக்கு நெருங்கிவருகிறது.

தாய்க்கு உடனே பால் சுரக்காவிட்டால் மருத்துவர்கள் தாய்ப்பால் வங்கியைப் பரிந்துரைக்கலாம். இந்தியாவில் 1989இல் மும்பையின் சயான் மருத்துவமனையில் தொடங்கிய இவ்வங்கி, 2014 முதல் தமிழக அரசு மருத்துவமனைகளிலும் உள்ளது. பால்குடி உறவு ஏற்படுமா என்ற கேள்வி நமக்கு எழுவது இயல்பே. ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹு சபை 1985இல் இவ்வங்கிகளைத் தவிர்க்கச் சொன்னது. ஐரோப்பிய ஃபத்வா சபை பின்னர் அனுமதி அளித்தது. ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை குடித்தால் உறவு உறுதியாகும்; ஹனஃபியில் ஒரு முறையே போதும். ஆகவே முதலில் தாயின் பாலைப் பீய்ச்சிக் கொடுக்க முழு முயற்சி செய்யுங்கள். அது போதாமல் குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் சொன்னால், உயிர் காப்பதே முதற்கடமை. கொடையாளரின் விவரத்தைக் கேட்டுக் குறித்துவைத்து, உங்கள் ஆலிமிடம் விளக்கம் பெறுங்கள்.

கங்காரு பராமரிப்பைத் தந்தையும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். தாய் களைத்திருக்கும் நேரத்தில் வாப்பாவின் மார்புச் சூடும் அதே வேலையைச் செய்யும். அதில் நாணப்பட ஒன்றுமில்லை.

உறவினரும் ஜமாஅத்தாரும் செய்ய வேண்டியவை எளியவை. "ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பெரும்பாலும் மருத்துவர்களிடமே விடை இருப்பதில்லை. தாய்க்கு வேளைக்குச் சோறு கொண்டுபோங்கள். மருத்துவமனைக்குப் போய்வர ஆட்டோ செலவைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் மூத்த பிள்ளைகளைப் பள்ளிக்கும் மத்ரஸாவுக்கும் அனுப்பிவையுங்கள். இரும, தும்ம இருப்பவர்கள் பார்க்கப் போகாதீர்கள். இதே வழியில் முன்பு நடந்துவந்த ஒரு தாயை அவரிடம் அழைத்துச் செல்லுங்கள். என் போன்றோரின் உபதேசத்தைவிட அது பெரிய ஆறுதல்.

எல்லாக் குழந்தைகளும் வீடு திரும்புவதில்லை. உயிரோடு பிறந்து மரித்த குழந்தை சில நாழிகையே வாழ்ந்தாலும் ஒரு முழு மனிதர். அதற்குப் பெயர் உண்டு, குளிப்பாட்டல் உண்டு, கஃபன் உண்டு, ஜனாஸாத் தொழுகை உண்டு. "குறைமாதம்தானே" என்று அவசரமாக அடக்கிவிட்டுப் பெற்றோரின் துக்கத்தைச் சிறிதாக்க நமக்கு உரிமை இல்லை.

அந்தத் தாய் ஐம்பத்திரண்டாம் நாள் தம் மகளோடு வீடு திரும்பினார். இன்று அச்சிறுமி எங்கள் மத்ரஸாவில் முதல் வரிசையில் அமர்ந்து அலிஃப் பா ஓதுகிறாள். மறுமுறை ஒரு மாமியார் என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால், "இப்போதே அனுப்பிவையுங்கள், நீங்களும் கூடவே போங்கள்" என்பேன்.

பெட்டிக்குள் மூச்சு வாங்கப் போராடும் ஒவ்வொரு சிசுவுக்கும் அல்லாஹ் ஆயுளை நீட்டித் தருவானாக. வாசலில் காத்திருக்கும் பெற்றோரின் நெஞ்சுக்கு அமைதியைத் தருவானாக. ஆமீன்.